நாலுமடித்துறை வேனுக்குப் பிரைமர் அடித்த கதை

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நாலுமடித்துறை வேனின் இடதுபக்கக் கதவு, ஜெசிந்தாவின் பட்டறையில் தான் படுத்திருந்த ஸ்டாண்டை விட்டுத் தானாக எழும்பி, அவள் நெஞ்சுக்கு நேராக வந்து, காற்றில் அப்படியே நின்றுகொண்டது. ஜெசிந்தாவின் கையில் தின்னரில் நனைத்த பனியன் துணி இருந்தது. அவள் கதவை மேலே ஒரு தரம் பார்த்தாள், குனிந்து அடியில் ஒரு தரம் பார்த்தாள், காலையிலிருந்து இடுப்பு ஒடியக் குனிந்தும் சரியாக எட்டாமல் கிடந்த கீழ்விளிம்பு இப்போது கண்ணுக்கு நேரே இருப்பதைக் கண்டதும், இதுவும் நல்லதுக்குத்தான் என்று அந்த விளிம்பை ஒரே இழுப்பில் துடைத்து முடித்தாள்.

பக்கத்தில் பம்பரை ஒடுக்கெடுத்துக்கொண்டிருந்த டிங்கர் இசக்கிமுத்து சுத்தியலைக் கீழே வைத்தான்.

“யக்கா, கதவு அந்தரத்துல நிக்குது.”

“நிக்கட்டும். நீ கிட்ட வராத. கை கழுவாம வந்து தொட்டுத் தொலச்சிராத.”

பட்டறை இருந்த அந்த ஊரில் அது பெரிய கவலை. கிழக்கே கடல், மேற்கே உப்பளம், எந்தப் பக்கமிருந்து காற்று வந்தாலும் அது உப்பைத் தூக்கிக்கொண்டுதான் வரும், வாங்கி வைத்த கேட் ஒரு மழைக்காலத்தில் சிவந்துபோகும், சைக்கிள் செயின் ஒரு வாரம் லீவில் போனால் இறுகிப்போகும், பிறந்து ஆறு மாதமான பிள்ளையின் கைகூட அங்கே உப்புக்கரிக்கும். அப்படிப்பட்ட ஊரில் வெறும் தகட்டைப் பெயிண்டுக்குத் தயார் செய்வதையே இருபத்திரண்டு வருடமாகத் தொழிலாக வைத்திருப்பவள் ஜெசிந்தா. பழைய பெயிண்ட்டை ரிமூவர் தடவிக் கொப்பளிக்க வைத்துச் சுரண்டுவாள், எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் தேய்ப்பாள், நூற்றிருபதில் தேய்ப்பாள், இருநூற்றிருபதில் தேய்ப்பாள், குழிக்குள் ஒளிந்திருக்கும் துருவை ஆசிட் வைத்து வெளியே இழுப்பாள், தண்ணீர் விட்டுக் கழுவி அந்தக் கணமே உலர்த்துவாள், பிறகு ஒரு ஈரத்துணி ஒரு உலர்ந்த துணி என்று மாற்றி மாற்றி, போன கை திரும்பி வராமல், ஒரே திசையில் துடைப்பாள். கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைத் தகட்டின்மேல் விடுவாள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் எங்கோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, திரும்பவும் முதலிலிருந்து. தண்ணீர் ஒரே பாயாக விரிந்து வழிந்தால் தகடு சுத்தம், துடைத்துவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள், கடல்காற்று எழும்புவதற்கு முன்னால், பிரைமர் என்ற முதல் பூச்சை அடித்துவிட வேண்டும். அதுவரைக்கும் வெறுங்கை படவே கூடாது.

இந்த வேனை மட்டும் அவள் வாடிக்கையாளர் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, உப்பளச் சாலையின் அந்தக் கோடியில் இருக்கிற நாலுமடித்துறைக்கு ஆஸ்பத்திரி போக இருந்தது இந்த ஒரே வேன்தான். போன வருடம் ஜெசிந்தாவின் தங்கை டெல்மாவைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு வரும்போது, துரு தின்ற தரைத்தகடு நடுவழியில் பிளந்து, ஸ்ட்ரெச்சரின் கால் சாலைவரை இறங்கிவிட்டது. உப்பு லாரி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. டெல்மாவுக்கு இப்போது மறுபடி எட்டாம் மாதம். வேனின் தகுதிச் சான்றான எஃப்.சி. முடிகிற நாள் மாதக் கடைசி. இனி ஒரு பொட்டுத் துருவைப் பார்த்தாலும் வண்டியை உடைக்கப் போட வேண்டியதுதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் டிரைவர் ரொசாரியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஜெசிந்தா வேறு எல்லா வேலையையும் தள்ளி வைத்துவிட்டு, இந்தத் தகட்டில் ஒரு துரும்பளவு துருகூட விட மாட்டேன் என்று தாயாணை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்றரை மணிக்குள் மற்றக் கதவுகளும் பானட்டும் பக்கத் தகடுகளும் புதிதாக வெட்டிய தரைத்தகடும், ஒவ்வொன்றும் கடைசித் துடைப்பு முடிந்த கையோடு எழும்பி வந்து, பட்டறைக்குள் வரிசையாக நின்றன. ஜெசிந்தா பிரைமர் டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா எதிர்க்கடை பவுல்ராஜ் டீ கொண்டுவர வேண்டும்? அவன் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கிக் கத்தினான். ஐந்து நிமிடத்தில் மீன் மார்க்கெட் வந்தது. பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடம் வந்தது. அம்மன் கோவில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் சேர்ந்தே வந்தன. கூட்டம் கிளப்பிய புழுதியில் ஜெசிந்தாவால் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கவே முடியவில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு, எதையும் ரொம்ப நேரம் அதிசயமாக வைத்திருக்க மாட்டார்கள். அரை மணி நேரத்தில் தகடு ஏன் நிற்கிறது என்ற பேச்சு முடிந்து, அடுத்து வரும் சர்ச் திருவிழா வரைக்கும் நிற்குமா என்ற பேச்சு தொடங்கிவிட்டது. கோவில் கமிட்டி கூடி, ஜெசிந்தாவைப் பங்குச் சாமியார் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் இசக்கிமுத்துவை வாசலில் நிறுத்தி, எவனையும் தொட விடாதே என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாள்.

“ஒம்பது நாள்தான் ஜெசிந்தா,” என்றார் பங்குச் சாமியார். “கொடியேத்தம் முடிஞ்சு தேர் இழுக்குற வரைக்கும் நிக்கட்டும். நாலு ஊரு ஜனம் வந்து பாத்துட்டுப் போகும்.”

“ஒம்பது நாளா? ஒம்பது மணி நேரம் தாங்காது சாமி. குளிப்பாட்டின பிள்ளைய ஈரத்தோட நடுத்தெருவுல நிப்பாட்டி வேடிக்கை பாக்குதீக. மேல ஒரு சட்டை போட விடுங்க.”

“பெயிண்ட் அடிச்சா பாரம் ஏறி எறங்கிருமே,” என்றான் கமிட்டியில் ஒருவனாக உட்கார்ந்திருந்த பவுல்ராஜ்.

“எறங்கட்டும். எறங்கினாத்தான் வேன் ஓடும். அந்தரத்துல நிக்கிற தகரத்துல ஒரு பிள்ளத்தாச்சிய ஏத்திக் கொண்டுபோவியா நீ?”

பேச்சு சாயங்காலம் வரைக்கும் இழுத்தது. கமிட்டி என்றால் அப்படித்தான், ஒருவர் சொன்னதை மற்றொருவர் இன்னும் மெதுவாகச் சொல்லுவார். ஜன்னலில் கடல்காற்று அடிக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் ஜெசிந்தா எழுந்து, யாரிடமும் விடைபெறாமல், வேகுவேகென்று நடந்து பட்டறைக்கு வந்தாள்.

பட்டறையில் இசக்கிமுத்து முதல் இரண்டு மணி நேரம் மலைபோல் நின்றிருந்தான், பொய் சொல்லக் கூடாது. பிறகு அவனுடைய அம்மா வந்தாள். அம்மாவுக்கு முட்டுவலி, ஒரே ஒரு தரம் தொட்டுக்கிடுதேன் என்றாள். அவளைத் தொட விட்டபின் அவள் தோழியைத் தடுக்க முடியவில்லை, தோழியை விட்டபின் தெருவைத் தடுக்க முடியவில்லை. அந்த ஊரில் புனிதர்களின் சுரூபத்தைக் கண்டால் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்துவது வழக்கம், வேற்று மதத்துக்காரர்களும் அப்படியே செய்து பழகியவர்கள். ஊரே வரிசையில் வந்து தகட்டைத் தொட்டு முத்தியது. கடைசியில் இசக்கிமுத்துவும் இரண்டு கையையும் பானட்டில் வைத்துக் கண்ணை மூடி நின்றான்.

மறுநாள் காலை தகடுகள் எல்லாம் தரையில் கிடந்தன. நேற்று விரலால் தள்ளினால் நகர்ந்த கதவை இன்று இரண்டு ஆள் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. ஒவ்வொன்றின் மேலும் உப்புப் பூத்துத் துருப் பூத்து, சிவப்புச் சிவப்பாய் உள்ளங்கைகள், பெரிய கை, சின்னக் கை, ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிய கை, இடம் கிடைக்காமல் ஓரத்தில் ஒற்றை விரலை மட்டும் வைத்துவிட்டுப் போன கை. மீன் வெட்டுகிற மரியக்குட்டியின் மூன்றரை விரல் கை, கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஊருக்கே தெரிகிற மாதிரி இருந்தது.

“கும்புட்டுத் தொட்டா அது தொடுறதுல சேராதுன்னு நெனச்சேன்க்கா,” என்றான் இசக்கிமுத்து. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தான்.

ஜெசிந்தா அவனைத் திட்டவில்லை. தரைத்தகட்டின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இருபது நாள் தேய்த்தது போயிற்று, மாதம் முடிய ஆறு நாள்தான் இருக்கிறது, டெல்மாவிடம் போய் என்ன சொல்லப்போகிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் கூடிய கூட்டம் யாருக்கு முகம் காட்டுவது என்று தெரியாமல், தங்கள் கைகளைச் சேலைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் ஒளித்துக்கொண்டு நின்றது. அழுது முடித்துவிட்டு அவள் எழுந்தாள். எழுந்தபோது அவளுக்கு வந்த கோபத்தை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“கைய எதுக்கு ஒளிக்கீங்க? எல்லாக் கையும் இங்கதான இருக்கு! அவனவன் கைய அவனவன் தேய்ச்சு எடுங்க. எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்!”

முதலில் மரியக்குட்டிதான் வந்தாள். “என் கை எது? ஆங், தெரியுது தெரியுது,” என்று உப்புத்தாளை வாங்கினாள். ஜெசிந்தா அவளைத் தடுத்து, உள்ளங்கையை நக்கிப் பார்க்கச் சொன்னாள். கரித்தது. போய்ச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வா என்றாள். மூன்று தரம் கழுவியும் கரித்தது, அதற்குமேல் கழுவினால் தோல்தான் வரும் என்று தெரிந்ததும், கான்வென்ட் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறையை இரண்டு கையிலும் மாட்டி உட்கார வைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எந்தக் கடையிலும் வெள்ளைக் காலுறை கிடைக்கவில்லை. உப்பளத்து ஆட்கள் ஏழு தரம் கழுவியும் கரித்ததால் அவர்களுக்கு மட்டும் இரட்டை ஜோடி.

அப்படித் தொடங்கியது அந்த ஊர் தேய்த்த நாலு நாள். காலையில் கதவுக்கு முப்பது பேர், பானட்டுக்கு இருபது பேர் என்று முறை போட்டு உட்கார்ந்தார்கள், அழுத்தித் தேய்க்கிறவரை ஜெசிந்தா முதுகில் தட்டிக்கொடுத்தாள், வட்டமாகத் தேய்க்கிறவரை எழுப்பிவிட்டு நீளவாக்கில் தேய்த்துக் காட்டினாள், தன் கை போனபிறகு பக்கத்துக் கையையும் சேர்த்துத் தேய்த்தவர்களுக்குத் தன் வாயாலேயே டீ சொன்னாள். பஸ்ஸில் கண்டக்டரும் பயணியும் நூற்றிருபதா இருநூற்றிருபதா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். பங்குச் சாமியார் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்களுக்குப் பரிகாரமாகச் செபம் கொடுக்காமல் இரண்டடித் தகடு தேய்க்கச் சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் அவரே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, வலதுபக்கக் கதவின் மூலையில் இருந்த ஒரு கையைச் சுட்டிக்காட்டினார்.

“அது என்னுது ஜெசிந்தா. கமிட்டி முடிஞ்சு வர்ற வழியில...”

“காலுறைய மாட்டுங்க சாமி,” என்றாள் அவள்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் ஆசிட், தண்ணீர், ஈரத்துணி, உலர்ந்த துணி. இந்தக் கடைசித் துடைப்பை மட்டும் ஜெசிந்தா யாருக்கும் கொடுக்கவில்லை. இடதுபக்கக் கதவில் தண்ணீரை விட்டாள், தண்ணீர் ஒரே பாயாக விரிந்து இறங்கியது, துடைத்து எடுத்த கையோடு கதவு எழும்பி நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாத் தகடும் எழும்பின. தெருப்புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துவிட்டு, நானூறு ஐந்நூறு பேர், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தைகளுக்கும் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் சுற்றி நின்றார்கள். மணி ஒன்பது. கரைக்காற்று உலர்ந்து வீசிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா கன்னில் பிரைமரை ஊற்றிக் கம்பிரசரைப் போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். கமிட்டியில் எறங்கட்டும் என்று சொன்னவள்தான், ஆனாலும் அவளுக்கு மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக எத்தனை வண்டி, எத்தனை கதவு, யாராவது ஒருவர் பெயிண்ட்டுக்கு அடியில் என்ன வேலை நடந்திருக்கிறது என்று கேட்டதுண்டா? முதல்முறையாக அவள் வேலை எழும்பி நின்று ஊருக்குத் தன்னைக் காட்டியிருக்கிறது. அதைத் தன் கையாலேயே மறைத்து, தன் கையாலேயே தரையில் இறக்க வேண்டும். பிறகு, பிளந்த தரைத்தகட்டின்மேல் படுத்துக்கிடந்த டெல்மாவை நினைத்தாள், விசையை அழுத்தினாள்.

சிவப்புப் பிரைமர் பனிபோல் போய்க் கதவில் படிந்தது. கதவு நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கியது, இடுப்பிலிருந்து முட்டுக்கு இறங்கியது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். ஜெசிந்தா கன்னை நிறுத்தவில்லை, விளிம்பு விடாமல், மடிப்பு விடாமல், ஒரே சீராக அடித்துக்கொண்டு கதவோடு தானும் முட்டிபோட்டாள். கணுக்கால் வரைக்கும் இறங்கிய கதவு, தரைக்கு நாலு விரற்கடை இருக்கும்போது நின்றது. ஒரு கோட் காய்ந்தது, இரண்டாவது கோட் ஏறிக் காய்ந்தது. கதவு அங்கேயேதான் நின்றது. எல்லாத் தகடும் அந்த நாலு விரற்கடையிலேயே வந்து நின்றன. அப்போதுதான் ஜனங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை விடுவித்துத் தட்டினார்கள், அந்தக் கைத்தட்டலுக்கு உப்பளத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

வெள்ளைப் பெயிண்ட் அடித்து, இசக்கிமுத்து போல்ட் முறுக்கி மாட்டிய வேன், மாதக் கடைசி நாளன்று பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றது. அவர் செய்தித்தாளை ஒரு டயருக்கு அடியில் விட்டு மறுபக்கத்தில் உருவி எடுத்தார்.

“என்னம்மா இது?”

“வேன் சார்,” என்றாள் கூடவே வந்திருந்த ஜெசிந்தா.

“டயர் தரையில படலையே.”

“நாலு ஆள் ஏறினாப் பட்டுரும் சார்,” என்றார் ரொசாரி.

இன்ஸ்பெக்டர் ஆட்களை ஏற்றினார். டயர் பட்டது. ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொன்னார். சொன்ன கோட்டில் நின்றது. பிறகு டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக வேனுக்கு அடியில் படுத்து, தரைத்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டி, முக்கால் மணி நேரம் துருவைத் தேடினார், தேடித் தேடி அலுத்து, வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, துரு என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினார். அந்தரத்தில் நிற்பதை எங்கே எழுதுவது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதுக்குக் கட்டம் இல்லை,” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டெல்மாவுக்கு வலி எடுத்தது. துணைக்கு ஏற்கெனவே நாலுமடித்துறைக்கு வந்திருந்த ஜெசிந்தா, தங்கையைத் தாங்கிப் பிடித்து ஏற்றினாள், டெல்மாவின் மாமியார் ஏறினாள், ரொசாரி வண்டியை எடுத்தார். உப்பளச் சாலை என்று சொல்கிறோமே ஒழிய அது சாலை இல்லை, லாரிகள் தோண்டிப்போட்ட குழிகளின் வரிசை. வேன் ஒரு குழியிலும் இறங்கவில்லை, ஒரு கல்லிலும் ஏறவில்லை, டயர் சாலையைத் தொட்டும் தொடாமலும் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் தகடு பிளந்த இடம் வந்தபோது ஜெசிந்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையில் பாதத்தை அழுத்தினாள். காலுக்குக் கீழே தகடு திடமாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது அந்த இடம் பின்னால் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ரொசாரி எஞ்சினை நிறுத்தினார். டெல்மா வியர்வையோடு தலையைத் தூக்கினாள்.

“இன்னும் எடுக்கலயா வண்டிய? எப்பக்கா கெளம்புவோம்?”

“வந்துட்டோம்டி,” என்றாள் ஜெசிந்தா. “வந்து சேந்துட்டோம்.”

இரண்டே முக்காலுக்கு நர்ஸ் வெளியே வந்து, பெண் பிள்ளை, மூன்று கிலோ, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்றாள். ஜெசிந்தா போட்ட சத்தத்தில் வராந்தாவில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் நர்ஸைக் கட்டிப்பிடித்தாள், மாமியாரைக் கட்டிப்பிடித்தாள், செருப்பை மறந்து வாசலுக்கு ஓடி ரொசாரியிடம் சொன்னாள். ரொசாரி கதவுக்குள் கையை விட்டு, ஒலி எழுப்பாதீர் என்று எழுதிய போர்டுக்கு நேர் எதிரே, ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். வாட்ச்மேன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அறிவிருக்கா வே? ஆஸ்பத்திரின்னு தெரியலயா?”

“நாலுமடித்துறைக்குப் பிள்ள பொறந்திருக்கு அண்ணாச்சி,” என்றாள் ஜெசிந்தா. “இந்த வண்டியில வந்த பிள்ள.”

வாட்ச்மேன் வேனைப் பார்த்தார், வேனுக்கு அடியில் தெரிந்த நாலு விரற்கடை வெளிச்சத்தைப் பார்த்தார், பிறகு ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“சரி, இன்னும் ஒரு தரம் அடியும்,” என்றார். “நல்லா அடியும்.”